புள்ளைக்கு யார் சொல்லிக்கொடுப்பா?

ஒரு வீடியோ என்னைத் தூங்கவிடாமப் பண்ணிருச்சு.

கோட்டு போட்ட ஒருத்தர். பின்னாடி வெள்ளை போர்டு. "டிகிரிங்கறது வெறும் பேப்பர். நாலு வருஷத்தை வீணாக்காதீங்க. வேலைக்குப் போங்க, அனுபவம்தான் படிப்பு"ன்னு ஒன்றரை நிமிஷம் கத்துறார். கீழ அவர் பேர் ஓடுது. பேருக்குப் பின்னாடி ரெண்டு டிகிரி.

எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல இது வராத நாளே இல்ல. போன வாரம் உசிலம்பட்டிப் பக்கமிருந்து சித்தப்பா போன் பண்ணினார்.

"ஏப்பா, சின்னவன் பன்னெண்டு முடிச்சுட்டான். காலேஜுக்குக் காசு கட்டுறது வேஸ்ட்டுங்கறாய்ங்க. ஒனக்குத்தான் பழங்காநத்தம், ஜெய்ஹிந்த்புரம் பக்கம் நாலு பட்டறை தெரியும்ல? எதாச்சும் ஒரு லேத்துல விட்டுருவமா?"

"பையன் என்ன சொல்றான் சித்தப்பா?"

"அவன் என்னத்தச் சொல்லுவான். நீ சொன்னா கேப்பான்."

சித்தப்பா மேல எனக்குக் கோபம் இல்ல. மழையை நம்பி வெள்ளாமை பண்ற மனுசன். ஒரு தடவை தப்பான காலேஜ்ல பணத்தைக் கட்டிட்டா, அதுலேருந்து எந்திரிக்க அவருக்குப் பல வருஷம் ஆகும். அவர் பயப்படறது நியாயம். ஆனா முகம் தெரியாத ஒருத்தர் ஒன்றரை நிமிஷத்துல அவர் புள்ளையோட பாதையை முடிவு பண்ணிட்டுப் போறார் பாருங்க, அதுதான் தாங்கல.

அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாத்தான் வரும். டீயைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் படிங்க.

காலையில எட்டு மணிக்கு மதுரை பழங்காநத்தம் ரவுண்டானாவுல நின்னு பாத்திருக்கீங்களா? திருமங்கலம், திருப்பரங்குன்றம் பக்கத்துலேருந்து வர்ற பஸ் வந்து நிக்கும். கழுத்துல ஐடி கார்டு மாட்டின பிள்ளைங்க ஒரு பக்கம் இறங்கி நடக்கும். டிபன் பாக்ஸைப் பையில திணிச்சுக்கிட்டு இறங்கற பசங்க இன்னொரு பக்கம் போவாங்க. ஒரே ஊரா இருக்கும். பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சுல உக்காந்தவங்களாக்கூட இருக்கும்.

இதுல யார் ஜெயிப்பான்?

ரெண்டு பக்கமும் ஜெயிச்சவங்களைப் பாத்திருக்கேன். ரெண்டு பக்கமும் நொந்துபோனவங்களையும் பாத்திருக்கேன். பிஇ முடிச்சிட்டு, படிச்ச படிப்புக்குச் சம்பந்தமே இல்லாம பைக்ல சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கற தம்பிங்க இருக்காங்க. பதினேழு வயசுல பட்டறைக்கு வந்து, முப்பது வயசுலயும் கையாளாவே நிக்கற அண்ணன்களும் இருக்காங்க. அதே மாதிரி, டிப்ளமா முடிச்சு சிஎன்சி மெஷின் சொந்தமா போட்டவங்களும் இருக்காங்க, எட்டாவதோட நின்னு பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கறவங்களும் இருக்காங்க.

அப்ப காலேஜா வேலையாங்கறது அவங்க வாழ்க்கையை முடிவு பண்ணல. வேற எதுவோ பண்ணியிருக்கு.

அது என்னன்னு எனக்குப் புரிஞ்சது ரெண்டு பட்டறைகள்ல. பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் படிச்சுக்கிட்டே லீவு நாள்ல வேலைக்குப் போனவன் நான்.

முதல் பட்டறையில காலையில கூட்டணும். இரும்புச் சுருளை அள்ளிச் சாக்குல கட்டணும். டீ வாங்கணும். ராடு வந்தா ஆட்டோவுலேருந்து இறக்கணும், ஜாப் முடிஞ்சா ஏத்தணும். மெஷின் பக்கத்துல போனா "டேய், தொடாத"ம்பாங்க. எதுக்காக இந்த டூல், ஏன் இந்த ஸ்பீடுன்னு கேட்டா, "கேள்வியெல்லாம் காலேஜ்ல கேளு"ன்னு பதில் வரும். என்கூட ஒருத்தன் இருந்தான், பேரையூர்ப் பக்கம். எனக்கு முன்னாலேருந்து அங்கதான் இருக்கான். கூட்டுறதையும் அள்றதையும் பிரமாதமாச் செய்வான். மெஷின் ஓட்டத் தெரியாது. கோட்டுக்காரர் கணக்குல அவனுக்கு நிறைய 'அனுபவம்' இருக்கு.

ரெண்டாவது பட்டறை சின்னது. மூணு லேத், ஒரு ஷேப்பர், ஒரு டிரில்லிங் மெஷின். அங்க இருந்த மேஸ்திரி அதிகம் பேச மாட்டார். சேர்ந்த அன்னைக்கே ஒரு டூல் துண்டைக் கையில கொடுத்து "கிரைண்டிங் வீல்ல புடி"ன்னார். புடிச்சேன். பாத்துட்டு வாயைத் திறக்காம அதை மழுங்கடிச்சுத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி புடிச்சேன். மறுபடி மழுங்கடிச்சார். அன்னைக்குப் பூரா அதேதான். சாயங்காலம் ஒரு ஸ்கிராப் ஷாஃப்டைப் போட்டு, நான் புடிச்ச டூலை வச்சு ஓட்டிக் காட்டினார். சுருள் நீளமா, சத்தமில்லாம வந்து விழுந்துச்சு. "இப்பத்தான் வெட்டுது. காலையில நீ புடிச்சது சுரண்டும்"னார்.

இன்னொரு நாள் ஒரு ஷாஃப்ட் ஒரு முனையில தடிமனாவும் மறுமுனையில மெலிசாவும் வந்துருச்சு. எனக்குக் காரணம் புரியல. அவர் டெயில்ஸ்டாக்கைக் காட்டினார். சென்டர் கொஞ்சம் விலகியிருக்கு. டேப்பர் டர்னிங்ல டெயில்ஸ்டாக்கை நகத்தற முறைன்னு ஒரு பாடம், பரிட்சைக்கு மனப்பாடம் பண்ணியிருந்தேன், ஃபார்முலாவோட. அது இதுதான்னு அந்த நிமிஷம்தான் உறைச்சுது. அதுக்கப்புறம் கிளாஸ்ல சார் போர்டுல படம் போட்டா எனக்கு மெஷினே கண்ணு முன்னாடி வந்து நிக்கும். பட்டறை பாடத்தைப் புரியவச்சுது, பாடம் பட்டறையைப் புரியவச்சுது. ரெண்டும் சேர்ந்ததாலதான் நான் இன்னைக்கு இந்தத் தொழில்ல நிக்கறேன்.

ரெண்டு இடமும் பட்டறைதான். ரெண்டுமே 'வேலை அனுபவம்'தான். ஒரு இடத்துல சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார், இன்னொரு இடத்துல இல்ல.

காலேஜுக்கும் இதே கணக்குதான். தமிழ்நாட்டுல அண்ணா பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச இன்ஜினியரிங் காலேஜ் 400க்கு மேல இருக்கு. அதுல பையன் கையில மைக்ரோமீட்டரைக் கொடுத்து அளக்கச் சொல்ற காலேஜும் உண்டு, ரெக்கார்டு நோட்டைப் பாத்து எழுதச் சொல்லிட்டு லேபைப் பூட்டி வைக்கற காலேஜும் உண்டு. ரெண்டுக்கும் ஒரே டிகிரி.

அதனால யாராவது என்கிட்ட காலேஜா வேலையான்னு கேட்டா, நான் திருப்பிக் கேக்கறது இதான்: அங்க இந்தப் புள்ளைக்கு யார் சொல்லிக்கொடுப்பா? கத்துக்கிட்டதை யார் ஏட்டுல எழுதுவா?

ரெண்டாவது கேள்வியை லேசா நெனச்சுராதீங்க. எனக்கு டூல் புடிக்கச் சொல்லிக்கொடுத்தாரே அந்த மேஸ்திரி, அவருக்கு ஒரு பெரிய கம்பெனியில மெயின்டனன்ஸ் வேலைக்கு அழைப்பு வந்துச்சு. (எந்தக் கம்பெனின்னு வேணாம்.) அங்க இருந்த இன்ஜினியருக்கே இவர் வேலை தெரியும், அவர்தான் கூப்பிட்டார். ஆனா ஆபீஸ்ல சர்டிபிகேட் கேட்டாங்க. இவர்கிட்ட எட்டாவது டிசியைத் தவிர ஒண்ணும் இல்ல. ஒப்பந்தக் கூலியா வேணா வாங்கன்னுட்டாங்க. இத்தனை வருஷத் திறமை வாசல்லயே நின்னுருச்சு. 'டிகிரி வெறும் பேப்பர்'ங்கறவங்க அந்த வாசல்ல ஒருநாள் நின்னு பாக்கணும்.

வீடியோக்காரங்க எல்லாரும் கடைசியில ஜி.டி. நாயுடுகிட்டத்தான் போய் நிப்பாங்க. "அவர் படிக்கலையே, மேதை ஆகலையா?"

ஆனார். கலங்கல் கிராமத்துல பொறந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டு, கோயம்புத்தூர் ஓட்டல்ல வேலை செஞ்சு காசு சேத்து, மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைக் கழட்டி மாட்டித் தானே கத்துக்கிட்டவர்தான். ஆனா மிச்சக் கதையை ஏன் சொல்ல மாட்டேங்கறாங்க? அந்த மனுசன் 1945ல கோவையில பாலிடெக்னிக்கும் இன்ஜினியரிங் காலேஜும் வர்றதுக்குக் காரணமா இருந்தார். அந்தக் காலேஜ்தான் இன்னைக்கு அரசு தொழில்நுட்பக் கல்லூரி. நாலு வருஷப் பாடத்தை ரெண்டு வருஷத்துல சொல்லிக்கொடுக்க முடியும்னு வாதாடினார். அன்னைய அரசாங்கம் ஒத்துக்கல. விலகிட்டார். படிப்பு வேணாம்னு அவர் சொல்லவே இல்ல. படிப்பைச் சுருக்கமா, கையில வேலையோட கொடுங்கன்னார்.

அதே கோவையில பிஎஸ்ஜி ஆளுங்க 1926லயே இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் ஆரம்பிச்சு, பட்டறையையும் பாடத்தையும் ஒரே வளாகத்துல வச்சாங்க. பிஎஸ்ஜி டெக்ல 'சாண்ட்விச்' பிஇன்னு அஞ்சு வருஷப் படிப்பு இருக்கு, தெரியுமா? படிப்புக்கு நடுவுலயே தொழிற்சாலை வேலையும் சேந்து வரும். இதெல்லாம் நம்ம ஊருல இருக்கற பழக்கம்தான். ஜெர்மனியைப் பாரு, ஜப்பானைப் பாருன்னு யாரும் நமக்கு வகுப்பு எடுக்க வேணாம்.

அடுத்த உதாரணம் ஸோஹோ. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில டிகிரி இல்லாத பசங்களை எடுத்து சாஃப்ட்வேர் பண்றாங்க, அப்ப டிகிரி தேவையில்லதானேம்பாங்க. அய்யா, ஸோஹோ 2005லேருந்து நடத்தறது ஒரு பள்ளிக்கூடம். தேர்வு வச்சு எடுத்து, உதவித்தொகை கொடுத்து, ஆள் போட்டுச் சொல்லிக்கொடுத்து, அப்புறம்தான் வேலை. டிகிரி இல்ல, ஒத்துக்கறேன். படிப்பு இல்லைன்னு எப்படிச் சொல்வீங்க? நம்ம மதுரை இளந்தைகுளம் எல்காட் வளாகத்துல இருக்கற எச்சிஎல், 2017லேருந்து 'டெக்பீ'ன்னு ஒண்ணு நடத்துது. பன்னெண்டாவதுல கணக்கு படிச்ச பிள்ளைங்களை எடுத்துப் பயிற்சி, அப்புறம் வேலை, வேலை பாத்துக்கிட்டே டிகிரி. அவங்களேகூட டிகிரியைத் தூக்கி எறியல. (பயிற்சிக்குக் கட்டணம் உண்டான்னு கேட்டு, ஒப்பந்தத்தை வரி வரியாப் படிச்சிட்டுக் கையெழுத்து போடுங்க. எங்க போனாலும் இது பொருந்தும்.)

சரி, சித்தப்பாவுக்கு நான் என்ன சொன்னேன்?

ஐடிஐ.

சொன்னதும் போன்ல சத்தமே இல்ல. அப்புறம், "பெயிலானவன் போறதுல்லப்பா அது?"ன்னார்.

இந்த நெனப்புதான் எனக்கு ரொம்ப வலிக்குது. ஊர்ல மாப்பிள்ளை பாக்கறப்பக்கூட "ஐடிஐ"ன்னா மூஞ்சி சுருங்குது. ஆனா நான் கேட்ட ரெண்டு கேள்விக்கும் நேரான பதில் இங்கதான் கிடைக்குது. சொல்லிக்கொடுக்க ஒரு இன்ஸ்ட்ரக்டர், மெஷின்ல கை, கடைசியில நாடு முழுக்கச் செல்லுற சர்டிபிகேட்.

கே.புதூர்ல அரசு ஐடிஐ இருக்கு. கிராமத்துப் பிள்ளைக்குக் காசு விஷயம் முக்கியம், அதனால சொல்றேன். அரசு ஐடிஐயில பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாசம் 750 ரூபாய் உதவித்தொகை. பஸ் பாஸ், சைக்கிள், சீருடை கிடைக்கும். அரசுப் பள்ளியில படிச்ச பெண்களுக்கு 2022லேருந்து புதுமைப்பெண், பையன்களுக்கு 2024லேருந்து தமிழ்ப்புதல்வன், ரெண்டுலயும் மாசம் ஆயிரம் ரூபாய். காலேஜுக்கு மட்டும்தான்னு பல பேர் நெனச்சுக்கிட்டிருக்காங்க. ஐடிஐக்கும் டிப்ளமாவுக்கும் உண்டு. மெஷின் பழசுன்னு ஒரு குறை ரொம்ப நாளா இருந்துச்சு, அது நியாயமான குறைதான். 2022ல டாடா டெக்னாலஜிஸோட ஒப்பந்தம் போட்டு 71 அரசு ஐடிஐக்களை நவீனமாக்குற வேலையை அரசு எடுத்துச்சு. உங்க பக்கத்து ஐடிஐயில புது மெஷின் வந்திருக்கா, ஓடுதா, அதை ஓட்டத் தெரிஞ்ச ஆள் இருக்காரான்னு நேர்ல போய்ப் பாருங்க. நோட்டீஸை நம்பாதீங்க.

இதுல இன்னொரு நல்லது, எந்த இடத்துலயும் கதவு மூடல. ஐடிஐ முடிச்சா டிப்ளமா நேரா ரெண்டாம் வருஷம். டிப்ளமா முடிச்சா பிஇ நேரா ரெண்டாம் வருஷம். 1946லேருந்து நம்ம ஊர்ல தமிழ்நாடு பாலிடெக்னிக் இருக்கு. 1957ல கருமுத்து தியாகராசச் செட்டியார் திருப்பரங்குன்றத்துல ஆரம்பிச்ச இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு. புதூர்லேருந்து திருப்பரங்குன்றம் வரைக்கும் ஒரு கிராமத்துப் பையன் கையில வேலையோடவே ஏறிப் போக வழி இருக்கு. நடுவுல எங்க நிப்பாட்டினாலும் அந்த எடத்துக்குன்னு ஒரு சர்டிபிகேட் கையில இருக்கும். வீட்டுல கஷ்டம் வந்தா வேலைக்குப் போகலாம், நிலைமை சரியானா மறுபடி படிக்கலாம். நாலு வருஷ டிகிரியை ரெண்டாம் வருஷத்துல விட்டவனுக்கு இந்த வசதி இல்ல. அவன் கையில கடன் மட்டும்தான் மிஞ்சும்.

ஐடிஐக்கும் வேலைக்கும் நடுவுல அப்ரண்டிஸ்ங்கற ஒண்ணை மறந்துரக்கூடாது. 1961லயே இதுக்குச் சட்டம் போட்டாச்சு. 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற எந்த நிறுவனமா இருந்தாலும், ஆள் கணக்குல 2.5லேருந்து 15 சதவீதம் வரைக்கும் அப்ரண்டிஸ் எடுத்தே ஆகணும். 2019ல விதியைத் திருத்தி, குறைஞ்சபட்ச உதவித்தொகையைப் படிப்புக்குத் தக்கபடி மாசம் 5,000லேருந்து 9,000 ரூபாய் வரைக்கும்னு வச்சாங்க. அந்தப் பணம் பத்தாதுங்கறதுதான் என் கருத்து. கிராமத்துலேருந்து வந்து மதுரையில ரூம் எடுத்துத் தங்கற பையன் அதுல என்ன செய்வான்? ஆனாலும் பதிவு பண்ணின அப்ரண்டிஸுக்குக் கடைசியில சர்டிபிகேட் கிடைக்கும். ரயில்வே, பெல் மாதிரி இடங்கள்ல அதுக்குத் தனி மதிப்பு. பொன்மலை ரயில்வே பணிமனைக்கு அப்ரண்டிஸ் அறிவிப்பு வர்றப்ப நம்ம பக்கத்துப் பிள்ளைங்க விண்ணப்பமே போடாம விட்டுடறாங்க.

இதெல்லாம் படிக்கறப்ப, "தம்பி, நான் ஏற்கெனவே பட்டறையில சேர்ந்து அஞ்சாறு வருஷம் ஆச்சே"ன்னு யாராவது நெனச்சா, உங்களுக்கும் வழி இருக்கு. அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வரா எழுதலாம். 21 வயசு ஆகியிருந்து, தொழில்ல மூணு வருஷ அனுபவம் இருந்தா விண்ணப்பிக்கலாம். ஒயரிங் வேலை பாக்கறவங்களுக்கு மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கு, அதுக்கு அஞ்சு வருஷ அனுபவம் கேக்கறாங்க. அறிவிப்பு வேலைவாய்ப்பு பயிற்சித் துறையிலேருந்து வரும், பக்கத்து அரசு ஐடிஐயில கேட்டாச் சொல்வாங்க. எங்க மேஸ்திரி காலத்துல அவர்கிட்ட இதை யாரும் சொல்லல.

இப்ப பெண் பிள்ளைங்க.

இதுவரைக்கும் பேசினது முக்கால்வாசி பையன்களை வச்சு. பெண்ணுன்னா என் பதில் வேற. பன்னெண்டு முடிச்ச கிராமத்துப் பொண்ணைப் பத்தி "காலேஜா, வேலையா"ன்னு கேட்டா, யோசிக்காமச் சொல்லுவேன்: படிக்க அனுப்புங்க. காலேஜோ, பாலிடெக்னிக்கோ, ஐடிஐயோ, எதுவா இருந்தாலும் அவ ஆசைப்பட்ட படிப்புக்கு அனுப்புங்க. ஏன்னா நம்ம பக்கம் பையன் வேலைக்குப் போனா, பிடிக்கலைன்னா ரெண்டு வருஷம் கழிச்சுப் படிக்கப் போகலாம். பொண்ணுக்கு "அப்புறம்"னு ஒண்ணு வர்றதில்ல. மில்லு வேலைக்குப் போய்ச் சேத்த காசு அவ கல்யாணத்துக்குப் போயிரும், அதோட அவ படிப்புக் கதை முடிஞ்சுரும். எத்தனை வீட்ல பாத்துட்டோம்.

எங்க பழங்காநத்தத்துக்குப் பக்கத்துலதான் டிவிஎஸ் நகர். 1911ல மதுரையில கம்பெனி தொடங்கின டி.வி. சுந்தரம் ஐயங்காரைத் தெரியாதவங்க யாரும் இல்ல. அவர் மகளைப் பத்திப் பேசறவங்க குறைவு. சௌந்தரம் அம்மா சின்ன வயசுலயே கணவரை இழந்தவங்க. அந்தக் காலத்துல அப்படிப்பட்ட பெண்களை எங்க உக்காரவச்சிருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும். அவங்க டெல்லி லேடி ஹார்டிங் காலேஜுக்குப் போய் டாக்டராத் திரும்பி வந்தாங்க. 1947ல ஜி. ராமச்சந்திரனோட சேந்து சின்னாளபட்டி பக்கத்துல காந்திகிராமத்தை ஆரம்பிச்சாங்க. அங்க 1956ல வந்த கிராமியக் கல்வி நிறுவனம் இன்னைக்குப் பல்கலைக்கழகம். மாணவங்க கிராமத்துல போய்த் தங்கி வேலை செய்யறது அங்க பாடத்திட்டத்துலயே இருக்கு. படிப்பையும் வேலையையும் பிரிக்காத இடம். அந்த இடத்தைக் கட்டினது ஒரு பெண், அவங்களைப் படிக்கவிட்டதாலதான் கட்ட முடிஞ்சுது.

இன்ஜினியரிங்தான் வேணும்னு பிள்ளை ஆசைப்பட்டா தடுக்காதீங்க. அரசுப் பள்ளியில ஆறாவதுலேருந்து படிச்சிருந்தா 2021 சட்டப்படி 7.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கு. அதுல சேந்தா கட்டணத்தை அரசாங்கமே கட்டும். அந்த வழியில கிடைக்கற நல்ல காலேஜை விட்டுட்டு லேத்துல சேத்துவிட்டா, அது அந்தப் பிள்ளைக்குச் செய்யற துரோகம். ஆனா கடன் வாங்கி, ஏஜென்ட் சொன்னதைக் கேட்டு, பேரே கேள்விப்படாத காலேஜ்ல மேனேஜ்மென்ட் சீட்டு வாங்கப் போறீங்கன்னா, அதைவிட ஐடிஐ ஆயிரம் மடங்கு மேல். சேக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை நாள்ல காலேஜுக்குப் போங்க. ஒர்க்‌ஷாப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்க. லேத்துக்குக் கீழ சுருள் கிடக்குதான்னு பாருங்க. தரை பளபளன்னு இருந்தா அங்க யாரும் ஜாப் போடறதில்லைன்னு அர்த்தம்.

2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டுல 18லேருந்து 23 வயசுக்குள்ள நூத்துக்கு 47ங்கற அளவுல உயர்கல்விக்குப் போறாங்க. நாடு முழுக்கப் பாத்தா அது 28தான். நமக்கு இது பெருமை, சந்தேகமே இல்ல. ஆனா மிச்சம் 53 பேர் எங்க? அவங்கதான் பழங்காநத்தம் பஸ் ஸ்டாப்ல டிபன் பாக்ஸோட இறங்கறாங்க. அவங்களுக்கும் சொல்லிக்கொடுக்க ஆள் வேணும்.

சித்தப்பா மகன் இப்ப அரசு ஐடிஐக்கு விண்ணப்பம் போட்டிருக்கான். டர்னரா, சிஎன்சியா, எலக்ட்ரீசியனான்னு அவனுக்கே இன்னும் முடிவாகல. அதை அவனே முடிவு பண்ணட்டும்னு விட்டுட்டேன்.

கடைசியா ஒரு வேண்டுகோள், அது பெத்தவங்களுக்கு இல்ல. ஜெய்ஹிந்த்புரத்துல, கப்பலூர் சிட்கோவுல, புதூர் எஸ்டேட்ல பட்டறை வச்சிருக்கற அண்ணன்மார்களுக்கு. அப்ரண்டிஸ் எடுக்கறதுக்குப் பெரிய கம்பெனியா இருக்கணும்னு இல்ல. நாலு பேர் வேலை செஞ்சாலே நீங்களும் பதிவு பண்ணலாம். கொடுக்கற உதவித்தொகையில நாலுல ஒரு பங்கை, மாசம் 1,500 ரூபாய் வரைக்கும், மத்திய அரசு ஏத்துக்கும். உங்ககிட்ட கூட்டிப் பெருக்கிக்கிட்டு இருக்கற பையன் பேரை அதுல ஏத்துங்கண்ணே. நாளைக்குக் காலையிலேருந்து அவனை மெஷின்கிட்ட நிறுத்துங்க.